இருட்டைத் தயார் செய்யச் சொன்ன மகனுக்கு

குணா, இதைப் பகலில் படி. உட்கார்ந்து படி, ஆனால் பைக்கின் மேல் உட்கார்ந்து அல்ல. போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். நம் வீட்டில் முக்கியமான சமாச்சாரம் எல்லாம் இத்தனை வருஷமாக அப்படித்தான் முடிந்திருக்கிறது. உப்பளத்தில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பென்ஷன் கேட்க, மழைக்கால நிவாரணம் வரவில்லை என்று அழ, எல்லாவற்றுக்கும் என் கையெழுத்துதான். பெற்ற மகனுக்கு ஒரு கடிதம் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. முதல் மூன்று நாளும் ‘உயர்திரு’ என்று ஆரம்பித்து, கிழித்துப் போட்டேன்.

முதலில் நீ கொடுத்த வேலைகளின் நிலவரம். உங்கள் வானம் பார்க்கும் கூட்டம் முதல்முறையாக மொத்தமாகக் கிளம்பி வருகிறது, அதுவும் நம் உப்பளத்துக்கு வருகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஊரில் மரியாதை கூடியிருக்கிறது. பாய் பன்னிரண்டு சேர்த்துவிட்டேன். சுக்கு காபிக்கு என்னோடு உப்பு சுமக்கிற அஞ்சலை பொறுப்பு. கார்கள் ரோட்டோரமாகவே நிற்கும், மூஞ்சி கடல் பக்கம் இருக்கும், ஹெட்லைட் உங்கள் கண்ணில் அடிக்காது. டார்ச் லைட்டுகளுக்குச் சுற்ற, திருவிழா மேடைக்கு லைட் போடுகிறவனிடம் சிவப்புக் கண்ணாடித் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். ‘நட்சத்திரம் பாக்க வர்றவங்களுக்கு வெள்ள வெளிச்சம் ஆவாதாம்’ என்றேன். ‘அப்ப இன்னாத்துக்கு டார்ச்சு?’ என்றான். உப்பு ஆபீஸ் கக்கூஸ் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் கொண்டுவருகிற டெலஸ்கோப் பைப் எல்லாம் நிலம் அளக்கிற கருவி என்றும், இங்கே ஏதோ பெரிய கம்பெனி வரப்போகிறது என்றும் டீக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது. நான் மறுக்கவில்லை. மறுத்தால் யாரும் பாய் தரமாட்டார்கள்.

ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. ‘கும்மிருட்டா இருக்கணும்ப்பா, அதுதான் முக்கியம். அந்த குடோன் லைட்ட மட்டும் எப்படியாவது ஆஃப் பண்ணச் சொல்லிடு’ என்றாய். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். இருட்டைத் தயார் செய்ய உலகத்தில் உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை.

வாட்ச்மேன் ஏகாம்பரத்திடம் போனேன். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு காலால் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.

‘ஒரு ராத்திரி லைட்ட அணைக்கணும் ஏகாம்பரம்.’

‘எந்த லைட்ட?’

‘குடோன் மேல இருக்குதே, அத.’

எழுந்து உட்கார்ந்துவிட்டான். ‘ஏம்பா, உனுக்கே இது அடுக்குமா? இந்த லைட்டு வேணும்னு ஊருல இருக்கிறவன் கிட்டல்லாம் கையெழுத்து வாங்கி, மொதலாளி கால்ல விழாத கொறையா நின்னு போட வச்சது யாரு?’

‘நான்தான்.’

‘பொம்பளைங்க பாதுகாப்புக்குன்னு மனுவுல எழுதுனது?’

‘அதுவும் நான்தான்.’

‘இப்ப மட்டும் பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு வாணாமா? காலைலயே போட்டுட்டியா?’

கடைசிக் கேள்வியை நன்றாகக் கவனி. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த விளக்கைப் பெண்களுக்காக நான் கேட்கவில்லை குணா. அஞ்சலைக்கு எல்லாம் அமாவாசையில் ஊசி கோர்க்கிற கண். எனக்காகக் கேட்டேன். எனக்கு இருட்டில் கண் தெரியாது. கொஞ்சமாகத் தெரியும், மங்கலாகத் தெரியும் என்பதெல்லாம் இல்லை. தெரியாது. பகலில் எறும்பின் மீசை தெரியும், ஆறரை மணிக்கு மேல் எருமை தெரியாது.

இது எனக்கு இருபத்தாறு வயதில் தெரிந்தது. அதற்கு முன்பும் இருந்திருக்கும், ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உப்பு வேலை விடியும் முன் தொடங்கிவிடும், வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்பது உனக்குத் தெரியும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை அடி வரப்பில் எல்லாரும் வரிசையாகப் போவார்கள். ஒரு நாள் நான் வரப்பை விட்டு நேராகப் பாத்திக்குள் நடந்துவிட்டேன். பூத்து, வாரத் தயாராக இருந்த உப்பு, மொத்தமும் சேறாகிப் போனது. மேஸ்திரி லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். ‘இன்னாடா, விடியறதுக்குள்ளயே போட்டுட்டியா?’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒரு நொடியில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, ‘நேத்து வச்சது இன்னும் எறங்கல மேஸ்திரி.’

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். என் பெரியப்பா ஒருவர் இருந்தார், நீ பார்த்ததில்லை. முப்பது வயதில் இருட்டுக் கண், நாற்பத்தைந்தில் பகலும் இருட்டு. கோலின் ஒரு முனையை யாராவது பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, யாரும் வேலை கொடுக்கவில்லை, பந்தியில் அவரைக் கடைசியில் உட்கார வைப்பார்கள். குடிகாரனுக்கு அப்படி இல்லை. குடிகாரனுக்கு வேலை உண்டு, திட்டு வாங்கிக்கொண்டே கூலியும் உண்டு. குடிகாரனுக்குப் பெண் கொடுக்கிற ஊர் இது. ‘கல்யாணம் ஆனா திருந்திடுவான்’ என்று ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். குருடன் திருந்தமாட்டான் அல்லவா? அதனால் நான் குடிகாரன் ஆனேன். ஊரில் எல்லாரும் குடித்துவிட்டுக் குடிக்காத மாதிரி நடிப்பார்கள். குடிக்காமலேயே குடித்த மாதிரி நடித்தவன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான்.

என் அப்பா, அதாவது உன் தாத்தா, அவரையும் குடிகாரர் என்றுதான் ஊர் சொல்லும். சாயங்காலமானால் தள்ளாடுவார் என்பார்கள். நாற்பதிலேயே போய்விட்டார். அவர் மேல் வாசம் அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது யோசித்தால், அவர் குடித்தாரா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வேஷம் போட்டவனுக்கு வேஷம் சில வசதிகளைக் கொடுக்கும். விடியற்காலை வரிசையில் நான் எப்போதும் அஞ்சலைக்குப் பின்னால் நடப்பேன், அவள் கூடையில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும், லாந்தர் வெளிச்சத்தில் அது மட்டும் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு போவேன். கண்ணால்தான் பிடித்தேன், கையால் அல்ல. ஊர் என்ன பேசியிருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. குடிகாரன் என்கிற பட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டமும் ஏறியது. ஒரு நாள் அஞ்சலை திரும்பி நின்று, ‘ஏண்ணா, கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன். எம்மானத்த ஏன் வாங்குற?’ என்றாள். அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அந்தத் துணி இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அவள் பெயர் கெட்டதற்கு நான் இன்றுவரை ஒரு மன்னிப்பு கேட்கவில்லை, இதையும் எழுதிவைக்கிறேன்.

உன் அம்மா கல்யாணமான புதிதில் என் வாயை மோந்து மோந்து பார்ப்பாள். ‘வாசமே வராத சரக்கு எங்கய்யா விக்கிறான்?’ என்பாள். உனக்கு ஆறு வயது இருக்கும்போது, குடியை நிறுத்தக் கயிறு கட்டுகிற ஒரு கோயிலுக்கு நாம் மூன்று பேரும் போனோமே, உனக்கு அங்கே சாப்பிட்ட சுண்டல் மட்டும் ஞாபகம் இருக்கும். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்றார். எட்டு என்றேன். ஒரு நாளைக்கு எவ்வளவு என்றார். ‘அளவாத்தான் சாமி’ என்றேன். ஒரு வருஷத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். வாழ்க்கையில் நான் கட்டாயம் காப்பாற்றக்கூடிய ஒரே சத்தியம் அதுதான், அதனால் கணீரென்று செய்தேன். உன் அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், அது பகல். பதினோரு நாள் கழித்து, கிளியனூர்க் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது பஸ் தாமதமாகிவிட்டது. இருட்டி இறங்கினேன். இறங்கின இடத்தில் வாய்க்கால். மொத்தக் கல்யாணக் கூட்டமும் பார்க்க, பட்டு வேட்டியோடு விழுந்தேன். உன் அம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அரிவாள்மனையைப் போட்டு, என் கையை இழுத்து, கயிற்றை அறுத்தாள். ‘சாமிக்கே டிமிக்கி குடுத்துட்டியேய்யா’ என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்துக்கும் என்னோடு வந்ததில்லை. நான் அப்போதும் சொல்லவில்லை. சத்தியத்தை நான் மீறவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்றுதான் தெரியவில்லை.

உனக்கு நான் செய்த மோசடி வேறு மாதிரி. நீ ஏழு வயதில் கடற்கரை மணலில் படுத்துக்கொண்டு, ‘அப்பா, அந்த மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கே, தெரியுதா?’ என்று கேட்டாய். ‘ஆமா ஆமா, தெரியுது’ என்று நான் வேறு எங்கேயோ கை காட்டினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அப்பா விளையாடுகிறார் என்று. அதையே பிடித்துக்கொண்டேன். இல்லாத நட்சத்திரத்துக்கெல்லாம் பெயர் வைத்தேன். பெரிய கொசு, மேஸ்திரி மூக்கு, ஏகாம்பரம் தொப்பை. அந்தப் பெயர்கள் எதுவும் புத்தகத்தில் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ உன்னைக் கேலி செய்யப்போய், கோபத்தில் நீ புத்தகம் தேடிப் படிக்க ஆரம்பித்தாய். நீ வானம் பார்க்க ஆரம்பித்தது என்னால்தான் என்று உன் நண்பர்களிடம் சொல்கிறாயாம். சொல்லாதே. நான் அந்த வானத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதுவரைக்கும் என் கதை. இது மட்டும் என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன், சாகும்வரை குடிகாரனாகவே மரியாதையாக இருந்திருப்பேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு கண் முகாம் நடந்தது. கண்ணாடி வாங்கலாம் என்று போனேன். என் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பெண், இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாள், அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள், கடைசியில் என்னை வேனில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்காவது புள்ளி மின்னும், மின்னும்போதெல்லாம் பட்டனை அமுக்கணும். எனக்கு எதுவும் மின்னவில்லை. விட்டுவிடுவேனா? தாளம் போட்டு அமுக்கினேன், இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. அந்தப் பெண் தோளைத் தட்டி, ‘ஐயா, இன்னும் டெஸ்டே ஆரம்பிக்கல’ என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர், சின்ன வயது. விழித்திரையில் ஒரு கோளாறு, குடும்பத்தில் வருவது என்றார். முதலில் ராத்திரி போகும், பிறகு ஓரங்களிலிருந்து மறைந்துகொண்டே வரும், நடுவில் மட்டும் குழாய் மாதிரி கொஞ்சம் மிஞ்சும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்லமுடியாது என்றார். என் மாதிரிக்கு மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை என்றார். நான், ‘முருங்கக்கீர?’ என்றேன். அவர் சிரிக்கவில்லை.

‘புள்ளைங்க எத்தனை பேர்?’

‘ஒரு பையன் சார். காலேஜ் படிக்கிறான்.’

‘கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. பாக்கணும்.’

‘அவனுக்கு நல்லா தெரியும் சார். நட்சத்திரம்லாம் பாக்கிறவன்.’

‘அந்த வயசுல உங்களுக்கும் நல்லா தெரியுதுன்னுதான் நினைச்சிருப்பீங்க.’

‘பிள்ளைகளைப் பரிசோதிக்கவும்’ என்று தாளில் எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை ஐந்து வருஷமாக மனுக்கள் வைக்கிற டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். முதல் வருஷம் உனக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் வேலைக்கு இண்டர்வியூ. அப்புறம் நீ பைக் வாங்கினாய். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. காரணம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன், ஊரே சொல்லும்.

நடுவில் ஒரு ராத்திரி. பக்கத்துக் குப்பத்தில் சாராயம் குடித்து ஆட்கள் செத்துப்போன வாரம். அந்தச் சாராயம் முதலில் கண்ணைத்தான் பறிக்குமாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்றைக்கு நான் குடோன் கணக்கு முடித்து வரும்போது கரண்ட் போய்விட்டது, சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குள் வந்தேன். உன் அம்மா ஓடிவந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். ‘யோவ், கண்ணு தெரியுதா? சொல்லுய்யா, கண்ணு தெரியுதா?’ என்று கத்துகிறாள். இருபது வருஷத்தில் என்னிடம் அந்தக் கேள்வியை அவள் கேட்டது அன்றைக்குத்தான். பெட்டியில் தாள் இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘ஆமா ஆமா, தெரியுது’ என்றேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூக்குக்கு நேரே கையைக் காட்டி, ‘எத்தினி வெரல்?’ என்றாள். நேராக இருந்ததால் தெரிந்தது. மூணு என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், நான் பிழைத்துக்கொண்டேன் என்று.

இப்போது போன மாதம். தை அமாவாசையை ஒட்டி, இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீயும் உன் கூட்டத்துப் பெண் ஷாலினியும் வந்தீர்கள். மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்தோம். இருட்டு கண்ணுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், யாரும் போனைப் பார்க்கக்கூடாது என்றாள் அவள். நான் கடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு எத்தனை அரை மணியானாலும் ஒன்றுதான். அவள், ‘குணா, கார்த்திகை பாரு. ஆறும் அவ்ளோ தெளிவா இருக்குது. தெரியுதா?’ என்றாள்.

நீ சொன்னாய்: ‘ஆமா ஆமா, தெரியுது.’

என் கையிலிருந்த காபி கொட்டிவிட்டது, கொசு என்று சொன்னேன். கண் தெரிகிறவன் ஒரு ஆமாதான் சொல்வான் குணா. இரண்டு ஆமா சொல்கிறவர்கள் நாம்தான். அது நான் கண்டுபிடித்தது, எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அப்புறம் நீ எழுந்து, இரண்டு அடி வைத்து, சளக்கென்று சத்தம் கேட்க, வரப்பை விட்டு நேராகப் பாத்திக்குள் முழங்கால்வரை இறங்கினாய். ஷாலினி, ‘டேய், சுக்கு காபிதானடா குடிச்ச?’ என்று சிரித்தாள். நீ சேற்றில் நின்றுகொண்டே, ‘எங்கப்பா ஸ்பெஷலா ஏதோ கலந்துட்டாரு’ என்றாய். அவளும் சிரித்தாள், நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். மூன்று பேரில் யாருக்கு என்ன தெரியும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கால் கழுவும்போது நீ என்னிடம் தனியாகச் சொன்னாய்: ‘எல்லாருக்கும் இருட்டு பழகுது, எனக்கு மட்டும் பழகவே மாட்டுதுப்பா. கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துக் கண்ணு போயிடுச்சுன்னு நெனைக்கிறேன். ஆனா பைப்புல வச்சா வியாழன் சூப்பரா தெரியுது.’ அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கி நீ ஏன் அந்தப் பைப்பை வாங்கினாய், ஏன் அதைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறாய் என்று. வெறுங்கண்ணுக்குத் தெரியாததை அதுதான் உனக்கு வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. அதற்கு நான் சொன்ன பதிலை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ‘முருங்கக்கீர சாப்புடு’ என்றேன். பிறகு நீ ஷாலினியைப் பின்னால் உட்காரவைத்து, அந்த இருட்டில், ஈ.சி.ஆர். ரோட்டில் பைக்கில் போனாய். நான் விடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ‘ரீச்டு’ என்று மெசேஜ் இருந்தது.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டினேன், கயிற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி மீன்வரை கழுவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, ‘நீ குடிகாரனாவே இருந்திருக்கலாம்யா. அது புள்ளைக்கு வராது’ என்றாள். பிறகு குழம்பு வைத்தாள்.

ஆகவே குணா, உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, வேலைதான் சொல்லமுடியும். இதனோடு அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணில் சொட்டு விடுவார்கள், அதற்காகவாவது பைக் எடுத்துப் போகாதே. கிண்ணத்துக்குள் முகம் வைக்கச் சொன்னால் வை. தாளம் போடாதே, தெரிந்தால் மட்டும் அமுக்கு. டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், நல்ல செய்தியாக எதுவும் இருக்காது. உனக்கு இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். படித்தால் நிவாரணம் கேட்கிற மனு மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். போனாலும் வருவது வரும், போகாவிட்டாலும் வரும். பின்னே எதற்குப் போகச் சொல்கிறாய் என்றால், பைக்குக்காகத்தான். பின்னால் உட்கார்ந்து வருகிற அந்தப் பெண்ணுக்காகவும். நான் விழுந்ததெல்லாம் வாய்க்காலில், பாத்தியில். நீ விழுகிற இடம் ரோடு.

ஏற்பாடுகளில் ஒன்றை மட்டும் உன்னைக் கேட்காமல் சேர்த்திருக்கிறேன். வண்டி நிற்கிற இடத்திலிருந்து பைப் வைக்கிற வரப்புவரை சவுக்குக் கழிகளை நட்டு, எக்கியார்குப்பத்தில் வாங்கிவந்த பழைய வலைக் கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறேன். கழி அடித்தது அஞ்சலை, கயிறு கட்டினது நான். வருகிற விருந்தாளிகளுக்கு என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், நேரில் மழுப்பிவிடுவேன் என்பதால் உன்னிடம் இப்போதே சொல்கிறேன், உன் கை உயரத்துக்குத்தான் கட்டியிருக்கிறது. ஆறரை மணிக்கு அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நடந்து பார்த்தேன், திறந்தும் நடந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. குடோன் விளக்குக்கு முதலாளியிடம் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘பொதுநலன் கருதி ஒரு இரவு மட்டும் அணைத்துவைக்குமாறு’ என்று, அதே கையெழுத்தில். சரி என்றுவிட்டார். நீ கேட்ட இருட்டு தயார்.

பஸ்ஸில் வா, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கு. எல்லாரும் வந்து உட்கார்ந்து, அரை மணி ஆனதும், ஷாலினி மேலே கையைக் காட்டித் தெரியுதா என்று கேட்பாள். நீ அவசரப்பட்டு வாயைத் திறக்காதே. நான் பக்கத்தில்தான் இருப்பேன். பன்னிரண்டு பாயிலும் இருக்கிறவர்களுக்கும், அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருக்கிற ஏகாம்பரத்துக்கும் கேட்கிறமாதிரி நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ‘எனக்குத் தெரியலம்மா’ என்று. அதற்கு அப்புறம் நீ சொல்.